வடதுருவத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை

3 பெப்ரவரி 2025, திங்கள்

மாஸ்ரரின் கொப்பிகள் ஒருவழியாகக் கணினிக்கு வந்துவிட்டன. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக் குளம் என்று முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் போய்ப் பார்த்து எழுதிய பறவைக் கணக்கு. கிளிநொச்சியில் ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்து அடிப்பித்திருக்கிறார். பழைய கொப்பிகள் ஏதோ ஒரு பழங்கால டேட்டாபேஸில், பிந்தியவை எக்செலில். இரண்டையும் சிஎஸ்வி, அதாவது நிரல்களைக் கமாவால் பிரிக்கும் கோப்பு, ஆக்கிக் காட்டுயிர்ப் பதிவு மென்பொருளுக்குள் ஏற்றித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

ஏற்றினால் திரை முழுக்கச் சிவப்பு. பிழைப் பட்டியலை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். பட்டியலைத் தனியாக இறக்கிப் பிழையின் வகைப்படி அடுக்கிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகளும் ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்கிவிடும். இன்று அதுவரைக்கும்தான்.

4 பெப்ரவரி, செவ்வாய்

சுதந்திர தின லீவு, வெளியில் சத்தமில்லை.

பெரிய குவியலை முதலில் எடுத்தேன். "நிரல்களின் எண்ணிக்கை தலைப்புவரியுடன் பொருந்தவில்லை." பழைய டேட்டாபேஸ் கோப்பில் மட்டும். ஆனால் எல்லா வரியிலும் இல்லை, முல்லைத்தீவு, மாங்குளம் வரிகள் ஒழுங்காக ஏறுகின்றன. விழுந்தவற்றை இடப்பெயர்ப்படி அடுக்கினேன். இரணைமடு, இரணைப்பாலை, இராமநாதபுரம், இலுப்பைக்கடவை. எல்லாமே 'இ'!

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. பாமினி எழுத்துருவில் 'இ' என்று தெரிவது உண்மையில் ஆங்கிலக் கமா. கணினிக்கு அது எழுத்தே இல்லை, நிரல் பிரிக்கும் குறி. மேற்கோள்குறி போடாமல் கோப்பை எடுத்தால் இரணைமடு வருகிற வரியிலெல்லாம் ஒரு நிரல் கூடி, பறவையின் பெயர் திகதி நிரலுக்குள்ளும் திகதி எண்ணிக்கைக்குள்ளும் தள்ளுப்பட்டுப் போய்விடும். அரைப்புள்ளியால் பிரிக்கிற கோப்பாக இருந்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. முல்லைத்தீவு இரண்டு இடத்தில் உடைந்திருக்கும்.

டேட்டாபேஸிலிருந்து டாப் பிரித்த கோப்பாக மறுபடி எடுத்து, இடப்பெயர், குறிப்பு நிரல்களை மட்டும் யுனிகோடுக்கு மாற்றினேன். அந்த 'மட்டும்' முக்கியம். மாற்றியை முழுக் கோப்பிலும் ஓடவிட்டால் அறிவியல் பெயர்களும் தமிழ் எழுத்தில் உளறும். ஆங்கிலத்தில் அடித்த மற்ற நிரல்களில் கமா இருந்த இடமெல்லாம் 'இ' முளைக்கும்.

6 பெப்ரவரி, வியாழன்

திகதிகள். இது கொஞ்சம் பொல்லாதது.

எக்செல் கோப்பில் "திகதி வடிவம் பிழை" என்று விழுந்த வரிகள் எல்லாமே 12ஆம் திகதிக்குப் பிந்தியவை. மாஸ்ரர் நம்மைப்போல நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கில் எழுதுபவர். கடைக் கணினி அமெரிக்க ஒழுங்கில் மாதத்தை முதலில் வாசித்திருக்கிறது. 25/03/2013 என்று அடித்தால் 25ஆம் மாதம் இல்லாதபடியால் எக்செல் அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும், மென்பொருளும் மறுக்கும். ஆனால் 07/01/2014 என்று அடித்தால்? சத்தமில்லாமல் ஜூலை 1 ஆகிவிடும், பச்சைச் சரியும் விழும். ஆக, சிவப்பாக நிற்கும் திகதிகள் சரியானவை. ஏறிக்கொண்டவற்றில்தான் பிழை!

பிடிபட்டது ஊசிவால் வாத்தால். ஜூலை 1ஆம் திகதி இரணைமடுவில் ஊசிவால் வாத்துக் கூட்டம் என்று ஒரு வரி. அது குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து போகிற வாத்து, ஜூலையில் இங்கே கூட்டமாக நிற்க ஞாயமில்லை. இதைச் சொல்ல எந்த மென்பொருளும் வேண்டாம், குளத்தடியில் வளர்ந்த பிள்ளையே சொல்லும்.

12 வரைக்கும் உள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நாளையும் மாதத்தையும் மாற்றிப் போடவும் ஏலாது, சிலவற்றைக் கடையில் கவனித்துத் திருத்தியும் இருக்கிறார்கள். கொப்பியின் வரிசைதான் கைகொடுத்தது. மாஸ்ரர் நாள் ஒழுங்கில் எழுதியவர், கடையும் அதே ஒழுங்கில் அடித்திருக்கிறது. முன்வரிக்கும் பின்வரிக்கும் இடையில் பொருந்துகிற திகதியே சரி. முடிவில் எல்லாவற்றையும் 2014-01-07 வடிவத்தில் எழுத்தாகவே வைத்தேன். 45000 என்பதுபோல ஐந்து இலக்கங்கள் மட்டும் நின்ற வரிகளும் இருந்தன, அது எக்செலின் நாள் எண்: 45000 என்றால் 15 மார்ச் 2023.

9 பெப்ரவரி, ஞாயிறு

பகல் பதினொன்றரை போல கரண்ட் போனது, நாடு முழுக்கவாம். தெற்கே ஒரு உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்கிறார்கள். காட்டுயிர்த் தரவு வேலைக்குக் காட்டுயிரே லீவு தந்துவிட்டது.

சரி என்று அச்சடித்த தாள்களோடு மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். எண்ணிக்கை நிரலுக்கு முழு எண் மட்டும் வேண்டுமாம், அவரோ பல இடத்தில் "கனக்க" என்று எழுதியிருக்கிறார்.

"மாஸ்ரர், இந்தக் கனக்க எண்டது எவ்வளவு? ஒரு நூறு போடட்டோ?"

"தம்பி, நூறெண்டு தெரிஞ்சிருந்தா நூறெண்டு எழுதியிருப்பன். எண்ண ஏலாத அளவு, அதுதான் கனக்க. நீர் ஒண்டையும் போடாதையும்."

அவர் சொன்னதுதான் நியாயம். எண்ணிக்கையை வெறுமையாக விட்டு, "கனக்க" என்ற அவர் சொல்லைக் குறிப்பு நிரலுக்கு மாற்றினேன். வெறுமைக்குப் பதிலாகப் பூச்சியம் போடுவது பெரிய தப்பு. பூச்சியம் என்றால் தேடினோம், இல்லை என்று அர்த்தம்.

அக்கா பிளேன்டீயும் பனங்கட்டியும் தந்தார். கரண்ட் வரும்வரைக்கும் பொழுது நன்றாகப் போனது.

11 பெப்ரவரி, செவ்வாய்

ஒன்றரை மணித்தியால மின்வெட்டுக்கு முன்னும் பின்னுமாக ஆள்கூறுகள் வேலை.

முதலில் சிவப்பானவை. சில வரிகளில் அகலாங்கு 455000 என்று நின்றது. அது நில அளவைத் திணைக்கள வரைபடத்திலிருந்து எடுத்த கட்ட (கிரிட்) எண், மீற்றரில். இலங்கைக் கட்டத்தில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. பழையதற்குத் தொடக்க எண் இரண்டு பக்கமும் 200,000, 1999இன் புதியதற்கு 500,000. மாஸ்ரரின் 1:50,000 தாள் பழைய கட்டம். அதைப் புதியது என்று நினைத்து மாற்றினால் ஒவ்வொரு பக்கமும் 300 கிலோமீற்றர் தவறி, இரணைமடுக் கொக்கு கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் நிற்கும்.

அடுத்து, பச்சையாக ஏறியவற்றை வரைபடத்தில் போட்டேன். நல்லவேளை போட்டேன். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே, வடதுருவக் கடலில்! அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கின்றன. நமது அகலாங்கு 9, நெட்டாங்கு 80. அகலாங்கு 90 வரை போகலாம் என்பதால் மாற்றிப் போட்டாலும் இந்த மென்பொருள் கேள்வி கேட்காது. பாங்கொக்காரனுக்கு நெட்டாங்கு 100, அவன் மாற்றிப் போட்டால் உடனே மறுக்கும். ஜிபிஃப் போன்ற உலகத் தரவகங்கள் நாட்டின் பெயரோடு ஆள்கூறை ஒப்பிட்டுக் கொடி காட்டும், நமக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது வகை வரைபடத்திலும் தெரியாது. ஜிபிஎஸ்ஸில் 9 பாகை 23 கலை என்று இருந்ததைக் கடையில் 9.23 என்று அடித்திருக்கிறார்கள். 23 கலை என்றால் 0.38 பாகை. புள்ளி 17 கிலோமீற்றர் தெற்கே போய்விடும், ஆனால் அதுவும் வன்னிதானே, யாருக்கும் சந்தேகம் வராது. தசமத்தின் முதல் இரண்டு இலக்கம் 60ஐத் தாண்டாத வரிகளை எல்லாம் வடிகட்டி, இடப்பெயரோடு ஒத்துப் பார்த்தேன். கண் எரிகிறது.

14 பெப்ரவரி, வெள்ளி

இனப்பெயர்கள். பாதி, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, ஒரே வெட்டில் போனது. சில, பெயர் மாறியவை. நீலத் தாழைக்கோழிக்கு மாஸ்ரர் போட்டது பழைய போர்ஃபிரியோ போர்ஃபிரியோ, மென்பொருளின் பட்டியல் கேட்பது போர்ஃபிரியோ போலியோசெஃபாலஸ்.

மரங்கொத்தியில் வந்து நின்றுவிட்டேன். வடக்கே யாழ்ப்பாணப் பக்கம் பொன்முதுகு, தெற்கே செம்முதுகு, இப்போது இரண்டும் தனி இனம். இடைப்பட்ட நம்முடைய பகுதியில் இரண்டும் கலக்கின்றன. மாஸ்ரரோ "முதுகு செம்மஞ்சள்" என்று எழுதி வைத்திருக்கிறார், அதுவும் பல இடத்தில். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பெங்காலென்ஸ் என்று பொன்முதுகின் பெயரையே அடிக்க, மென்பொருளும் மகிழ்ச்சியாகப் பச்சை காட்டுகிறது. அந்தப் பச்சைக்காக விட்டால் இந்தக் கொப்பிகளில் உள்ள மிகப் பெறுமதியான தகவலே அழிந்துவிடும். பேரினம் டைனோபியம் என்று மட்டும் போட்டு, முதுகின் நிறத்தை அவர் எழுதியபடியே அடையாளக் குறிப்பில் வைத்தேன். "இன மட்டத்தில் இல்லை" என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. வரட்டும்.

20 பெப்ரவரி, வியாழன்

பெரும்பாலானவை ஏறிவிட்டன. வரிசை எண் இரட்டிப்பு என்றொரு பிழை மிச்சம் இருந்தது. ஒவ்வொரு கொப்பியும் 1இலிருந்து தொடங்கியதால் வந்தது, கொப்பி எண்ணை முன்னால் சேர்த்ததும் தீர்ந்தது. திகதி உறுதியாகாத வரிகளைத் தனிக் கோப்பில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மாஸ்ரருக்கு வரைபடத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, நான் குளத்துக்கு நடுவிலயோ நிண்டனான்?"

குளத்துக்கு ஒரே புள்ளியைக் கொடுத்திருந்தார்கள், அது தண்ணீருக்குள் விழுகிறது. ஆள்கூறின் நிச்சயமின்மை என்று மீற்றரில் ஒரு நிரல் உண்டு, கட்டாயம் இல்லாததால் எல்லாரும் வெறுமையாக விடுவது. குளத்தின் பாதி நீளத்தை அதில் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். அணைக்கட்டில் நின்று பார்த்தவை எவை என்று அவரே கொப்பியில் குறித்துத் தருகிறாராம். அடுத்த கிழமை மன்னார்ப் பக்கக் கொப்பிகள் கடைக்குப் போகின்றன, இந்த முறை யுனிகோடில், திகதிக்கு மூன்று தனி நிரல்களோடு.