அது ஹம்மிங்பேர்ட் இல்லை, அந்துப்பூச்சி

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஹம்மிங்பேர்ட் வந்திருக்கிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால், பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பதில் தெரியும். ஹம்மிங்பேர்டில் 350க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். இந்தியாவில் இயற்கையாக வாழும் ஹம்மிங்பேர்ட் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கோவையிலோ தஞ்சாவூரிலோ இட்லிப்பூக் கொத்துக்கு முன்னால் சிறகடித்தபடி தேன் குடிப்பது ஒன்று தேன்சிட்டாக இருக்கும், இல்லையென்றால் ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியாக இருக்கும். ஹாக் மாத் என்றும் சொல்வார்கள்.

தேன்சிட்டைப் பிரித்துப் பார்ப்பது எளிது. சில நொடிகள் அந்தரத்தில் நின்றாலும் பெரும்பாலும் ஒரு காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும், கீச்சுக்கீச்சென்று சத்தமும் கொடுக்கும். அந்துப்பூச்சி உட்காராது. பூவுக்குக் கொஞ்சம் தள்ளி அப்படியே நிற்கும், முன்னங்கால் பூவிதழைத் தொட்டும் தொடாமலும் இருக்கும், தலையிலிருந்து கருப்பாக ஒரு மெல்லிய குழல் பூவின் தொண்டைக்குள் போயிருக்கும். அலகு என்று நாம் நினைப்பது அந்தக் குழலைத்தான். அலகு வளையாது, இது வளையும். ஒரு பூவை விட்டு அடுத்த பூவுக்கு நகரும்போது பாதி சுருண்டு மறுபடி நீள்வதை ஸ்லோமோஷனில் பார்த்தால் அதற்கப்புறம் சந்தேகமே வராது. தலையில் நுனி தடித்த இரண்டு உணர்கொம்புகள் இருக்கும், எந்தப் பறவைக்கும் அது கிடையாது. வயிற்றின் கடைசியில் விசிறி மாதிரி விரிகிற முடிக்கற்றைதான் வால் என்று பலரையும் நம்ப வைக்கிறது.

பகல் வெளிச்சத்தில் வருகிறவற்றில் நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது இரண்டு வகை. முதலாவது செபோனோடஸ் ஹைலஸ். இறக்கை கண்ணாடி போலத் தெளிவாக, நரம்புகள் மட்டும் கருப்பாகத் தெரியும். உடம்பு பச்சையும் மஞ்சளும் கலந்தது, இடுப்பில் செம்பழுப்பில் ஒரு பட்டை, கடைசியில் கருப்பு முடி. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போது இந்த இறக்கையிலும் சாம்பல் நிறச் செதில்கள் படிந்திருக்கும். முதல் முறை இறக்கையை அடித்துப் பறக்கும்போதே அவை உதிர்ந்துபோய்க் கண்ணாடி இறக்கை மிஞ்சும். எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இரண்டாவது மேக்ரோகிளாசம். இது ஒரே பூச்சி இல்லை, ஒரு பேரினம், அதற்குள் பல இனங்கள். முன்னிறக்கை மங்கிய பழுப்பு, உட்கார்ந்திருந்தால் காய்ந்த சருகு என்று கடந்து போய்விடுவோம். பறக்கும்போதுதான் பின்னிறக்கையின் ஆரஞ்சு மஞ்சள் தெரியும், வயிற்றின் இரு பக்கமும் மஞ்சள் திட்டுகள் இருக்கும். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போனில் எடுத்த ஒரே படத்தை வைத்து இனப்பெயர் வரைக்கும் போக அவசரப்படாதீர்கள். பல இனங்களைப் பிரிக்க முன்னிறக்கையின் கோடுகளை மேலிருந்து தெளிவாகப் பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு அதுவும் போதாது, உடலுறுப்பை நுண்ணோக்கியில் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மேக்ரோகிளாசம் என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. படம் எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/2000க்கு மேல் இருக்கட்டும், பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று.

சரி, பகல் பூச்சிகள் இவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் பெரும்பான்மை இருட்டிய பிறகு வருவது. அந்திமந்தாரை மலர்ந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கொடியில் வளரும் அக்ரியஸ் கன்வால்வுலி என்ற பெரிய சாம்பல் நிற அந்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல் அதன் உடம்பைவிட நீளம். மரமல்லிப் பூவுக்கு ஏன் அவ்வளவு நீளமான காம்பு மாதிரிக் குழாய், ஏன் ராத்திரியில் அத்தனை மணம் என்று யோசித்திருந்தால், பதில் இந்த மாதிரி பூச்சிகள்தான். பப்பாளியில் ஆண் மரத்திலிருந்து பெண் மரத்துக்கு மகரந்தம் போவதில் ஸ்பிங்க்ஸ் பூச்சிகளுக்குப் பெரிய பங்கு இருப்பதைக் கென்யாவில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பறக்கிற பூச்சியைத் துரத்திக்கொண்டு பெயர் தேடுவதைவிட, அதன் புழுவையும் அது தின்னும் செடியையும் பார்த்துப் பெயர் தேடுவது பலமடங்கு எளிது. 1937இல் இந்தியப் பகுதியின் ஸ்பிங்க்ஸ் பூச்சிகளைத் தொகுத்து எழுதிய பெல், ஸ்காட் இருவரும் இப்படிப் புழுக்களை வளர்த்துப் பார்த்தவர்கள்தான். நம் வீட்டிலேயே தொடங்கலாம். நந்தியாவட்டைக்குக் கீழே தரையில் மிளகு அளவில், வரிவரியாகப் பள்ளம் விழுந்த கரும்பச்சை உருண்டைகள் கிடக்கின்றனவா? அது புழுவின் எச்சம். அதற்கு நேர் மேலே கிளையைப் பார்த்தால் இலையே இல்லாமல் மொட்டையாக ஒரு பகுதி தெரியும், பக்கத்திலேயே விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். இலையின் நிறமே அதற்கும் என்பதால் கண்ணில் பட நேரமாகும். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், பின்பக்கம் குட்டையாக மஞ்சள் கொம்பு. லேசாகத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடம்பை உப்பவைக்கும், உடனே கருப்பு விளிம்போடு இரண்டு நீலக் கண்கள் உங்களை முறைக்கும். அவை கண்களே இல்லை, தோலில் உள்ள புள்ளிகள், பறவைகளைப் பயமுறுத்தத்தான். இதுதான் டாஃப்னிஸ் நெரியை, அரளி ஹாக் மாத். அரளி, நித்தியகல்யாணி, அடீனியம் எல்லாவற்றையும் தின்னும்.

இந்தப் புழுவைப் பார்த்ததும் பயந்துபோய் மருந்து அடிக்கிறார்கள், அல்லது செருப்பால் நசுக்குகிறார்கள். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது. இது கம்பளிப்புழு இல்லை, அரிக்கிற முடி கிடையாது, அந்தக் கொம்பு கொட்டாது. நந்தியாவட்டை இலையெல்லாம் போனாலும் மறுபடி துளிர்த்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அப்படியா, பாம்புக்குட்டி மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்பா” என்றார், அன்றிலிருந்து அவர் வீட்டுச் செடியில் மருந்து இல்லை. தொட்டியில் சின்னச் செடி இருந்து, முழுதும் போய்விடும் என்று பயமாக இருந்தால், புழுவைக் கிளையோடு எடுத்துப் பெரிய நந்தியாவட்டை மரத்தில் விட்டுவிடுங்கள். அது தின்னாத செடியில் விட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும்.

மற்றவற்றுக்கும் செடிதான் வழிகாட்டி. கண்ணாடி இறக்கை செபோனோடஸ் வேண்டுமென்றால் காப்பி, கார்டீனியா, பாவட்டை ஆகியவற்றில் தேடுங்கள். ஏற்காடு, வால்பாறைப் பக்கம் காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்தப் புழு புதிதாக இருக்காது. மேக்ரோகிளாசமும் பெரும்பாலும் இதே காப்பிக் குடும்பம்தான், நுணாவும் இதில் அடக்கம். காசித்தும்பையிலும் சேம்பிலும் கிடைப்பது தெரெட்ராவாகவோ ஹிப்போடியனாகவோ இருக்கும். எள்ளு வயலில் தடித்த பெரிய புழு என்றால், பூச்சியானதும் முதுகில் மண்டையோட்டுக் குறி கொண்டிருக்கும் அகெரோன்டியா.

நந்தியாவட்டைப் புழு பச்சை மாறிப் பழுப்பாகி, கிளையை விட்டு இறங்கித் தரையில் வேகமாக நடக்க ஆரம்பித்தால் அதற்கு நோய் என்று நினைத்துவிடாதீர்கள், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. செடிக்கடியில் கிடக்கிற சருகுக்குள் தளர்வாக ஒரு கூடு கட்டிக்கொள்ளும், சுமார் இரண்டு வாரத்தில் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பூச்சி வெளியே வரும். அந்தச் சருகைக் கூட்டி எரித்தால் எல்லாம் போச்சு. அந்த ஒரு மூலையை மட்டும் கூட்டாமல் விட்டுவிடுங்கள்.

புழுவின் படம் அனுப்புகிறவர்கள், எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். செடியின் பெயர் தெரியவில்லையென்றால் இலையும் பூவும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் சேர்த்து அனுப்புங்கள். செடி தெரியாமல் பல புழுக்களுக்கு என்னால் பெயர் சொல்ல முடியாது.