யாழ் நூலகம்: ஜூன் 1

1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போய்விட்டன. எத்தனை ஆண்டு ஆனாலும் ஜூன் 1 வந்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே தொடங்கிய சின்ன நூலகம் அது. அப்புறம் ஊரே காசு சேர்த்துக் கட்டடம் எழுப்பியது. வடிவமைக்கச் சென்னையிலிருந்து நரசிம்மன் வந்தார், ஆலோசனை சொல்ல நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வந்தார். 1959இல் திறந்தார்கள்.

எரிந்த பிறகு 1984இல் ஒரு பகுதியைச் சீரமைத்தார்கள். அடுத்த ஆண்டே போரில் அதுவும் சிதைந்தது. 1998க்குப் பிறகுதான் இப்போதைய கட்டடம் எழுந்தது. அப்போது ஒரு வாதம் வந்தது: எரிந்த சுவரை அப்படியே விட்டுவைக்க வேண்டும், வெள்ளை அடித்தால் நடந்தது மறந்துபோகும் என்று. அந்தப் பயம் நியாயமானது. குற்றம் செய்தவர்கள் யாரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லையே! ஆனாலும் கட்டியதே சரி என்பேன். படிக்க ஓர் இடம் இல்லாமல் இன்னொரு தலைமுறை வளர்ந்திருக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லும் பலகை ஒன்று, வருகிறவர் கண்ணில் படும்படி, பெரிதாக இருக்க வேண்டும். அதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

கட்டடத்தைத் திரும்ப எழுப்பலாம், ஒரே பிரதியாக இருந்த சுவடியை எங்கே தேடுவது? அதனால்தான் 2005 முதல் ‘நூலகம்’ (noolaham.org) என்ற வலைத்தளத்தார் செய்துவரும் மின்பதிப்பு வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் வீட்டில் பழைய ஈழத்து இதழ், கோயில் மலர், பள்ளி மலர் எது இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அவர்களிடம் கொடுங்கள், ஸ்கேன் செய்து எல்லோருக்கும் வைப்பார்கள்.