பெரியப்பாவும் மணியும்

பெரியப்பா ராணுவத்திலிருந்து வந்து இருபது வருடமாகிறது. தீபாவளி என்றால் இன்றும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து உட்கார்ந்திருப்பார். தூக்கத்தில் கத்துவார். தொட்டு எழுப்பினால் கை ஓங்கிவிடும் என்பதால் பெரியம்மா தள்ளி நின்றே கூப்பிடுவார்.

இப்போது அந்த வேலையை மணி பார்க்கிறது. தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி, யாரும் பழக்கவில்லை. முனகல் கேட்டதும் ஈர மூக்கை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தும். அவர் விழித்து, "சரிடா, சரிடா" என்று காதைத் தடவுவார். மணிமீது ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்காக இதையே பயிற்சி கொடுத்துச் செய்கிறார்கள். கெட்ட கனவிலிருந்து எழுப்புவது, கூட்டத்தில் முதுகுப் பக்கம் காவலாக நிற்பது. மனவடு (PTSD, பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் பாதிப்பு) உள்ளவர்கள் தாங்களே நாய்களைப் பழக்குவதைச் சிகிச்சையாகச் சோதித்துப் பார்க்க 2021இல் தனிச் சட்டமே வந்தது. 2024இல் 156 பேரை வைத்து வந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்தில் நாய் கிடைத்தவர்களுக்கு அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. வழக்கமான சிகிச்சையும் கூடவே உண்டு, அதை விடக்கூடாது.

இங்கேதான் சிக்கல். டாக்டரிடம் வரச் சொல்லி ஏழு வருடமாகக் கெஞ்சுகிறோம். போன வாரம்தான், "மணியையும் உள்ள விடுவாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். விடமாட்டார்களாம்.

நாயோடு வந்தால் பார்க்கிற மனநல மருத்துவர் யாராவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.