சிமயி எறிந்த கல்

பிப்ரவரி 2

தொண்டி ஏலக்கரையில் இன்று ஒரு வியாபாரி, நான் எடையில் கை வைத்துவிட்டதாகப் பத்துப் பேர் முன்னால் ஏசினார். "கழுத்தில் சிலுவை, கையில் களவு" என்றார். நெத்திலிக் கூடையை மறுபடி தராசில் ஏற்றினோம். முதலில் காட்டிய எடையையே காட்டியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாரே தவிர, வாய் திறக்கவில்லை.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார், விடுடா" என்றாள் அம்மா. அவள் சொன்ன விதத்தில் பாதி மன்னிப்பு, பாதி சாபம்.

பிப்ரவரி 3

விவிலியத்தில் சாமுவேல் இரண்டாம் நூலைப் புரட்டினேன். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும் அரசர் தாவீதைச் சிமயி என்பவன் கல்லெறிந்து, புழுதி வாரித் தூற்றிச் சபிக்கிறான். அவன் தலையைக் கொய்யத் துடித்த தன் வீரன் அபிசாயை அரசர் தடுத்துவிடுகிறார். வென்று திரும்பியபோது காலில் விழுந்தவனைக் கொல்வதில்லை என்று ஆணையும் இடுகிறார். மறையுரைகள் வழக்கமாக இங்கேயே நின்றுவிடும். ஆனால் சாகும் தறுவாயில் அதே தாவீது, அவனைச் சும்மா விடாதே என்று மகன் சாலமோனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். இத்தனை ஆண்டும் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார் மனிதர்! எனக்கு இந்தத் தாவீதை நன்றாகப் புரிகிறது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

பிப்ரவரி 4

போர்ச்சுகலிலிருந்து மறைப்பணிக்கு வந்த புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) திருநாள். ஓரியூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொள்ள வழக்கம்போல் கூட்டம்.

1693-இல் இங்கே தலை வெட்டப்பட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். என் மனம் அதற்கு முந்தைய கதையில் நிற்கிறது. 1686-இல் மறவர் சீமையில் பிடித்து, அடித்து, வதைத்து, கடைசியில் அந்தச் சீமையின் மன்னர் சேதுபதி விடுவித்தார். பிறகு ஐரோப்பா போனவரைப் போர்ச்சுகல் மன்னர் அங்கேயே தங்கச் சொன்னார். அவரோ அடித்தவர்களின் சீமைக்கே திரும்பினார். தாவீதைப் போல மனத்துக்குள் கணக்கு எழுதி வைத்திருந்தவருக்கு அந்தக் கப்பலில் ஏற மனம் வந்திருக்குமா?

பிப்ரவரி 6

பொறுத்துப்போவது என்றால் ஊமையாகிவிடுவதா? இயேசுவே அப்படி இருக்கவில்லை. முன்னாள் தலைமைக் குரு அன்னாவின் முன்னிலையில் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கை ஓங்கவில்லை, ஆனால் கேட்டார்.

இன்று அந்த வியாபாரியிடம் நானும் கேட்டேன். "அண்ணாச்சி, எடை சரியாகத்தானே இருந்தது, ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, வெயில் என்றார், கடன் என்றார், தொண்டையைச் செருமினார். அதற்கு மேல் வரவில்லை, நானும் பிடுங்கவில்லை.

மதியம் அவருடைய இறாலுக்கு ஐஸ் போதவில்லை. கரையில் என்னிடம் மட்டுமே மிச்சம் இருந்தது. இரண்டு பெட்டி கொடுத்தேன், வழக்கமான விலைக்குத்தான். இலவசமாகக் கொடுத்திருந்தால் அன்றிரவு முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன்.