திருப்பி அனுப்பும் உத்தரவு கைக்கு வந்த பிறகு: என் அகதிக் கேஸ் நடந்த விதம்

லண்டனில் கேஸ் தோற்ற எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: "நடந்ததை எல்லாம் சொன்னேன், நம்புறாங்கள் இல்லை." பிரித்தானிய உள்துறை அமைச்சு எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்திலும் நம்பாத பகுதிகள் நிறைய இருந்தன. 2009 மே மாதம் இலங்கையில் சண்டை முடிந்த பிறகு என்னைத் தடுத்து வைத்து விசாரித்தார்கள், அடித்தார்கள், சூடு வைத்தார்கள். மாமா காசு கொடுத்து வெளியே எடுத்தார். ஏஜென்சி மூலம் வெளிநாடு வந்தேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி: "இவை உண்மையாகவே நடந்திருந்தாலும், இன்று நீங்கள் திரும்பிப் போனால் ஆபத்து இல்லை." அப்பீலிலும் அதே பதில்தான். அந்த ஒரு வரிக்குள்தான் முழுக் கேஸும் இருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2018 இல் குடிவரவு அதிகாரிகளிடம் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் பிடித்தார்கள். கேஸ் முடிந்து போனவர்கள் ஒவ்வொரு முறையும் இந்தப் பயத்தோடுதான் அந்தக் கியூவில் நிற்பார்கள். கமரா உள்ள ஃபோனைத் தடுப்பு முகாமுக்குள் விட மாட்டார்கள். கமரா இல்லாத சாதாரண ஃபோன் ஒன்று தருவார்கள், நம் சிம்மைப் போட்டுக் கதைக்கலாம். ஆனால் முக்கியமான நம்பர்கள் எல்லாம் பறித்த ஃபோனுக்குள் கிடக்கும். அதனால் சொலிசிற்றர், வீட்டுக்காரர், ஒரு நண்பர் என்று நம்பர்களைத் தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள். எனக்கு உண்மையில் உதவிய முதல் பொருள் அந்தத் தாள்தான்.

உள்ளே போய் சில நாட்களில் கடிதம் வந்தது. விமான இலக்கம், திகதி, போய்ச் சேரும் இடம் கொழும்பு. என்னிடம் பாஸ்போர்ட் இல்லாததால், தற்காலிகப் பயணப் பத்திரத்துக்கான படிவத்தை அதற்கு முன்பே நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தப் படிவம் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகும். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தோமோ அதே அரசாங்கத்திடம் பெயர், பிறந்த இடம், பெற்றோர் விபரம் எல்லாம் போகிறது. இது கேஸுக்குள் பேச வேண்டிய விடயம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

தடுப்பு முகாமில் அரை மணி நேர இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பெயர் கொடுக்கலாம். அந்த அரை மணியில் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல முடியாது. கடிதம், விமானத் திகதி, பழைய தீர்ப்பு மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு, "எனக்குச் சித்திரவதைத் தழும்பு இருக்கிறது, இதுவரை எந்த மருத்துவரும் அதைப் பார்த்து அறிக்கை எழுதவில்லை" என்ற ஒன்றை மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. என் கேஸை எடுத்த நிறுவனத்தில் வேலை செய்த தமிழ் அக்கா ஒருவர் அன்று மாலையே ஃபோன் எடுத்தார். "தம்பி, அழுறது பிறகு. முதல்ல முகாம் டொக்டரிட்ட ரூல் 35 எண்டு கேளுங்கோ. அந்தச் சொல்லையே சொல்லுங்கோ" என்றார்.

2001 ஆம் ஆண்டின் தடுப்பு முகாம் விதிகளில் 35ஆவது விதி அது. தடுத்து வைக்கப்பட்டவர் சித்திரவதைக்கு ஆளானவராக இருக்கலாம் என்று முகாம் மருத்துவர் கருதினால், அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் தொடர்ந்து அடைத்து வைப்பது சரியா என்று அதிகாரிகள் மறுபடி யோசித்தாக வேண்டும். நாமாகக் கேட்காவிட்டால் தலையிடிக்குப் பரசிட்டமோல் தந்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அறிக்கை எழுதிய மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதிகம் பேசாமல் ஒரு உடல் படத்தில் கோடுகள் போட்டார். அந்த அறிக்கையை வைத்து நீதிமன்றத்துக்குப் போனதில் விமானம் நிறுத்தப்பட்டது. கொஞ்ச நாளில் நிபந்தனைகளோடு வெளியே விட்டார்கள். விமானம் நின்றது என்றால் கேஸ் வென்றது என்று அர்த்தமில்லை. நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் அக்காவும் சொலிசிற்றரும் சட்டத்தை எனக்குப் புரிய வைத்தார்கள். 1984 இல் ஐ.நா. கொண்டுவந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு, சித்திரவதை ஆபத்து இருக்கிறது என்று நம்ப வலுவான காரணம் உள்ள நாட்டுக்கு ஒருவரை வெளியேற்றவோ, திருப்பி அனுப்பவோ, குற்றவாளி என்று கேட்டால் ஒப்படைக்கவோ கூடாது என்கிறது. மூன்றுக்கும் ஒரே தடை. இலங்கையும் 1994 இல் அதில் சேர்ந்து, உள்நாட்டில் 22ஆம் இலக்கச் சட்டமும் போட்டது. காகிதத்தில் பார்த்தால் இலங்கை சித்திரவதைக்கு எதிரான நாடுதான்! ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்திலும் 3ஆவது பிரிவுதான் இதற்குரியது. இயக்கத்தில் இருந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். பாரதூரமான குற்றங்களில் தொடர்பு என்று சொல்லி அகதி அந்தஸ்தை மறுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் இந்த 3ஆவது பிரிவுக்கு விதிவிலக்கு கிடையாது. ஆள் ஆபத்தானவர், தேசப் பாதுகாப்பு என்றெல்லாம் சொன்னாலும் சித்திரவதைக்கு அனுப்ப முடியாது என்று 1996 இல் சஹால் என்ற பஞ்சாபியின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்கள் ஆட்களின் வழக்குகள் இன்னும் கிட்ட இருக்கின்றன. 1988 இல் பிரித்தானியா ஐந்து தமிழரைத் திருப்பி அனுப்பியது. அவர்களில் சிலர் போன இடத்தில் துன்புறுத்தப்பட்டார்கள். ஆனாலும் அனுப்பிய நேரத்தில் இருந்த தகவல்படி அது தவறல்ல என்று 1991 இல் ஐரோப்பிய நீதிமன்றம் கைவிரித்தது. 2008 இல் என்.ஏ. என்ற தமிழரின் வழக்கில் அதே நீதிமன்றம், அவரை அனுப்பினால் 3ஆவது பிரிவு மீறப்படும் என்றது. அப்புறம் ஜி.ஜே., கே.வி., பி.ஜே. என்று வரிசையாக, ஆளை அடையாளம் காட்டாமல் இருக்க வைத்த இரண்டெழுத்துப் பெயர்கள். ஒவ்வொரு இரண்டெழுத்துக்குப் பின்னாலும் எங்கேயோ கையெழுத்து வைத்துக்கொண்டு, தூக்கம் வராமல் கிடந்த ஒரு பெடியன் இருந்திருப்பான். சொலிசிற்றர் மேற்கோள் காட்டுகிறபோது எனக்கு அதுதான் ஓடும்.

என் கேஸைத் தோற்கடித்தது 2013 இல் வந்த ஜி.ஜே. தீர்ப்பு. போருக்குப் பிறகு யாருக்கு ஆபத்து என்று பிரித்தானியத் தீர்ப்பாயம் வகுத்த வழிகாட்டி அது. 2021 இல் அதன் இடத்துக்குப் புதிய வழிகாட்டித் தீர்ப்பு வந்துவிட்டது. ஜி.ஜே. தீர்ப்புப்படி, பழைய புலி உறுப்பினர் என்பது மட்டும் போதாது. புலம்பெயர் நாட்டில் பிரிவினைக்கு முக்கிய பங்கு வகிப்பவர் என்று இலங்கை அரசு கருத வேண்டும், அல்லது நீதிமன்றப் பிடியாணை இருந்து விமான நிலையக் கணினிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், இப்படிச் சில வகைகள். அதே தீர்ப்பில் எங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது: பாதுகாப்புப் பிரிவினர் ஒருவரைப் பிடித்து அடைத்தால் அவர் துன்புறுத்தப்படும் ஆபத்து உண்மையானது என்பதைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அங்கே அடிப்பார்களா என்று வாதிட வேண்டிய தேவை அவ்வளவாக இல்லை. என்னை இன்று ஏன் பிடிப்பார்கள் என்பதுதான் கேள்வி. நாங்கள் எல்லோரும் நேற்று நடந்ததைச் சொல்லத் தயாராகப் போகிறோம். அவர்கள் நாளை நடக்கப் போவதைக் கேட்கிறார்கள்.

இருந்தாலும் நேற்றை நம்ப வைக்காமல் நாளைக்குப் போக முடியாது. அதற்குத்தான் மருத்துவ அறிக்கை. சித்திரவதைக்குள்ளானவர்களுக்கென்று இயங்கும் தொண்டு நிறுவனங்களின் மருத்துவர்களும் எழுதுகிறார்கள், தனியாக எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அமைந்தவர் வயதான ஒரு அம்மா. மணிக்கணக்கில் இருந்தேன். தழும்புக்குப் பக்கத்தில் சின்ன அடிமட்டம் வைத்துப் படம் எடுத்தார். நீளம், அகலம், நிறம், ஓரம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ரெக்கோடரில் பதிந்தார். முழங்காலில் இருந்த பெரிய தழும்பைத் தொட்டு "இது?" என்றார். சைக்கிளில் விழுந்தது என்றேன். தோளில் இருந்தது தடுப்பூசி. கையில் இருந்த வெட்டு, மண்வெட்டி பட்டது. எல்லாவற்றையும் அப்படியே எழுதினார். "இவர் தன் உடம்பில் உள்ள எல்லா அடையாளத்தையும் சித்திரவதை என்று சொல்லவில்லை" என்ற வரி பின்னர் நீதிபதியின் தீர்ப்பிலும் வந்தது. வலிய கூட்டிச் சொல்லாததால் கிடைத்த லாபம்.

இந்த அறிக்கைகளுக்கு இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. 1999 இல் வந்தது. ஒவ்வொரு தழும்பையும் சொல்லப்படும் காரணத்தோடு வைத்துப் பார்த்து, பொருந்தாது, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இப்படிப்பட்ட காயத்துக்கே உரிய தோற்றம், இதைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது என்று ஐந்து படிகளில் மருத்துவர் தரம் பிரிப்பார். "பொருந்துகிறது" என்றால் வேறு பல காரணங்களும் இருக்கலாம் என்று பொருள். என் முதுகில் இருந்த சூட்டுக் காயங்களுக்கு மேல்படிகளில் ஒன்று கிடைத்தது. நித்திரை, கெட்ட கனவு, திடீரென்று கை நடுங்குவது பற்றியும் தனியாக ஒரு பகுதி எழுதினார்.

ஆனால் சூட்டுத் தழும்பு என்றாலே எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சந்தேகம் காத்திருந்தது. கேஸுக்காகத் தாங்களே ஆள் வைத்துச் சூடு போட்டுக்கொண்டார்கள் என்று. கே.வி. என்ற தமிழரின் முதுகிலும் கையிலும் இருந்த தழும்புகளுக்குக் கீழ்நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்லிவிட்டன. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, கேஸைத் திரும்ப விசாரிக்கச் சொன்னது. தனக்குத் தானே ஆள் வைத்து இப்படிச் செய்துகொள்வது மிக அபூர்வம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. காயம் எப்படி வந்திருக்கும் என்று மருத்துவர் கருத்துச் சொல்வது வரம்பு மீறல் அல்ல என்றும் சொன்னது. அக்கா அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் போட்டார். "தம்பி, உங்கட நேரம் நல்லா இருக்கு." அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்தது "நாளை". ஊரில் அம்மாவிடம் சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து என்னைக் கேட்டிருந்தார்கள். அம்மாவின் கடிதம் மட்டும் என்றால் "தாய் மகனுக்காக எழுதியது" என்று ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அங்கே ஒரு சட்டத்தரணியை அமர்த்தி, நீதவான் நீதிமன்றத்தில் என் பெயரில் இருந்த பிடியாணைக் கோப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தோம். பி.ஜே. வழக்கில் இரண்டு சட்டத்தரணிகள் தனித்தனியாக ஒரே ஆவணத்தை எடுத்து அனுப்பியிருந்ததை 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. நாங்களும் அப்படியே செய்தோம். அறிமுகமில்லாத இரண்டாவது சட்டத்தரணி, தனிக் கடிதம், தனி உறை. உறையைக்கூடத் தூக்கி வீசாதீர்கள். தபால் முத்திரை அதில்தான் இருக்கும். செலவு கூடத்தான், ஆனால் கேஸை வென்று தந்தது இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இவற்றையெல்லாம் புதிய ஆதாரங்களாகச் சேர்த்து அப்போது லிவர்பூலில் நேரில் போய்க் கொடுக்க வேண்டியிருந்தது. விடிய முன்னரே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. மறுத்தார்கள், ஆனால் அப்பீல் உரிமையோடு மறுத்தார்கள். பழைய ஆதாரத்திலிருந்து உண்மையில் வேறுபட்டது, நீதிபதி ஒருவர் ஏற்க வாய்ப்பு உண்டு என்றால் அந்த உரிமையைக் கொடுத்தாக வேண்டும். மறுப்பு என்று பார்த்துவிட்டு மனம் உடைந்து போக வேண்டாம், கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதில் பாதிக்கு மேல் நான் எப்படி வெளியே வந்தேன் என்பது பற்றித்தான். தேடப்படுகிற ஆள் எப்படிக் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக வந்தீர்கள்? ஏஜென்சிக்காரன் எந்தக் கவுன்டரில் நிற்கச் சொன்னானோ அதில் நின்றேன் என்றேன். காசு கொடுத்து வெளியேறுவது இலங்கையில் நடக்கக்கூடியதுதான் என்று எங்கள் தரப்பு நாட்டு நிலவர ஆதாரங்களைக் காட்டியது. மாதம், திகதி கேட்டபோது தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு "ஞாபகம் இல்லை" என்றேன். நீதிபதி என்னிடம் நேரடியாகக் கேட்டது ஒன்றுதான்: இத்தனை வருடம் கழித்து ஏன் உங்களைத் தேட வேண்டும்? நான் வாயைத் திறக்க முன் எங்கள் வக்கீல், நீதிமன்றக் கோப்பு இருந்த பக்க எண்ணைச் சொன்னார். நானும் அதையே சொன்னேன்: பிடியாணை இன்னும் இருக்கிறது, நான் ஆஜராகவில்லை.

தீர்ப்பு தபாலில் வந்தது. நியாயமான அளவு சாத்தியம் இருந்தால் போதும் என்ற குறைந்த அளவுகோலில், என் கதை ஏற்கப்பட்டது. எதிர்த்தரப்பு மேலே போகலாம் என்பதால் அந்தக் கெடு முடியும் வரை யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் போகவில்லை. பிறகு ஐந்து வருட விசா அட்டை வந்தது. அகதிப் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் அதில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம். அகதி விசாவில் மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூப்பிட வழியிருந்தது, தாயைக் கூப்பிட வழியில்லை. அம்மாவைச் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இந்திய விசாவுக்கு இரண்டு பக்கமும் இப்போது படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.