எனக்குக் காய்ச்சலே இல்லை, ஆனால் 1:160

கரூர் பக்கம் ஒரு சின்ன லேபில் 12 வருஷம் வேலை பார்த்தேன். மழைக்காலம் வந்தால் போதும், டைபாய்டுக்கான விடால் டெஸ்ட் சீட்டுகள் குவியும்.

வேலை சுலபம்தான். ஸ்லைடில் இருக்கும் வட்டங்களில் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் என்று குறைத்துக்கொண்டே வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ஆன்டிஜென், அதாவது செத்த டைபாய்டு கிருமி கலந்த திரவம். அதில் இரண்டு வகை: 'ஓ' நீலம், 'ஹெச்' சிவப்பு. குச்சியால் கலக்கி ஒரு நிமிஷம் ஆட்டினால், பால் திரிந்த மாதிரி துகள் கட்டுகிறதா என்று தெரியும். 20 மைக்ரோலிட்டர் வரை கட்டினால் 1:80, 10 வரை என்றால் 1:160. குறைந்த சீரத்திலும் கட்டினால் எண் ஏறும், டைபாய்டு சந்தேகமும் ஏறும். கொஞ்சம் தாமதித்தாலும் ஓரம் காய்ந்து, கட்டின மாதிரியே கண்ணை ஏமாற்றும். பசி நேரத்தில் எத்தனை ஸ்லைடை அப்படிப் படித்தேனோ!

ஒருநாள் புது கிட் வந்தது. சும்மா பார்ப்போமே என்று என் ரத்தத்தையே எடுத்துப் போட்டேன். 'ஹெச்' 1:160. மதியம்தான் பிரியாணி சாப்பிட்டிருந்தேன், உடம்பில் சூடு துளிகூட இல்லை. "காய்ச்சலோட வந்திருந்தா இந்நேரம் உனக்கு ஊசி போட்டிருப்பாங்க" என்று சீனியர் அக்கா சிரித்தார்.

1896இல் பாரிஸில் விடால் என்ற மருத்துவர் கொண்டுவந்த சோதனை இது. கிருமியைத் தேடாது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடும். எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, டைபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லாவில் வேறு வகை, சில நேரம் மலேரியாகூட அந்த எண்ணை ஏற்றிவிடும். நிஜமாகவே டைபாய்டு வந்தவருக்கோ முதல் சில நாட்களில் ஒன்றுமே காட்டாமல் போகலாம். அதனால்தான் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ச்சல் விட்ட பிறகு எவர் வருவார்?

பிளட் கல்ச்சர்தான் கிருமியையே வளர்த்துக் காட்டும். அதுவும் பத்து டைபாய்டில் ஆறைப் பிடித்தால் பெரிசு. ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வந்தால் இன்னும் குறையும். பெரியவர்களுக்கு 8, 10 மில்லி ரத்தம் வேண்டும், முடிவு வர இரண்டு மூன்று நாளாவது ஆகும். "சாயந்திரமே ரிப்போர்ட் கிடைக்குமாம்மா?" என்று கேட்பவரிடம் இதை எப்படிச் சொல்வது?

போன ஐப்பசியில் அண்ணன் பையனுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். விடாலில் 1:80 வந்ததும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று பையன் சொன்னானாம். டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். டெங்குவுக்கான என்எஸ்1 பாசிட்டிவ்.

அந்த விடால் ரிப்போர்ட்டை அண்ணன் இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறார். "அந்த வருஷம் இவனுக்கு டெங்குவும் டைபாய்டும் சேர்ந்து வந்துச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார்.