கழுத்தில் தொங்கிய ரப்பர்

நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ரப்பரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருவான். நடுவில் கோணி ஊசியால் துளைத்து, கறுப்பு நூல் கோத்து, தாயத்துபோலத் தொங்கவிட்டிருந்தார் அவன் அம்மா. ஒரே மாதத்தில் இரண்டு ரப்பரைத் தொலைத்துவிட்டானாம், அதற்கான ஏற்பாடு. யாராவது இரவல் கேட்டால் சட்டைக்குள் தள்ளிவிடுவான். கொடுத்தால் வீட்டில் அடி விழும் என்பான். வகுப்பில் அவனுக்குக் கஞ்சன் என்று பெயர். பகிர்ந்து உண்பதைப் பற்றிய பாடத்தை நானும் அவன் முகத்தைப் பார்த்தே நடத்தியிருக்கிறேன். இத்தனை வருட ஆசிரியப் பணியில் நான் செய்த அசட்டுத்தனங்களில் அதுவும் ஒன்று.

2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. குடும்பத் தலைவியின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பையனின் அம்மாவுக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது. பள்ளி வாசலில் நின்று, கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டி, "யாரைக் கேட்டு எடுத்தார்கள் டீச்சர்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு? அப்போது ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினாலே மீதி நூறு தேறுவது கஷ்டம். ஆனால் தேதி தெரிந்து வரும் பணத்துக்குத் தனி மரியாதை உண்டு. பதினைந்தாம் தேதி தருகிறேன் என்றால் மளிகைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அரிசியை அளந்துபோடுகிறார். சூளை வேலை இல்லாத வாரத்திலும் வீட்டில் குரல் உயர்வதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது பையனின் கழுத்தில் நூல் இல்லை. ரப்பர் மூன்றாவது வரிசையில் யாருடைய நோட்டிலோ தேய்ந்துகொண்டிருந்தது. தொலைந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மா வேறு வாங்கித் தருவாராம். தோளைக் குலுக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

இதை வைத்துப் பணம் வந்தால் பிள்ளைகள் எல்லாம் வள்ளல்களாகிவிடுவார்கள் என்று அளக்க மாட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கடலை மிட்டாய் தின்ற பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் இருந்தார்கள்.

எனக்கு உறுத்தல் இன்னொரு சிறுமி. கையில் எது இருந்தாலும் கொடுத்துவிடுகிற பெண். சத்துணவு முட்டையின் மஞ்சள் கருவைத் தினமும் பக்கத்தில் இருப்பவளுக்குத் தருவாள். யாரிடமும் தயங்காமல் இரவலும் வாங்குவாள். அவள் அம்மா கணவரைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். பெயர் இன்னும் வெளியூரில், கணவர் வீட்டு ரேஷன் அட்டையில் இருக்கிறது. ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான் பணம்; அந்த அட்டையில் மாமியார் வாங்குகிறார்.

இப்போது பையன் ரப்பரை நீட்டினால் அவள் வாங்குவதில்லை. முட்டையை மட்டும் வழக்கம்போலக் கொடுக்கிறாள். தப்பாக எழுதியதை எச்சில் தொட்டு விரலால் தேய்க்கிறாள். அவள் கணக்கு நோட்டைத் திருத்தும்போது, பொத்தல் விழுந்த இடத்தில் அடுத்த பக்கத்துக் கூட்டல் தெரிகிறது.